பச்சைப் புத்தகத்தில் பின் அடித்த பக்கங்கள்

உனக்குப் பிடித்த புத்தகங்கள் எவை என்று யாராவது கேட்டால் நான் நான்கு புத்தகங்களைச் சொல்வேன். நான்கும் அயர்லாந்துக்காரர்கள் மைதானத்தில் ஓடித்திரிவதைப் பற்றியவை. இரண்டு ஹேர்லிங், ஒன்று கேலிக் உதைபந்தாட்டம், ஒன்று இரண்டையும் சேர்த்த தடித்த வரலாறு. நான் அயர்லாந்துக்குப் போனதில்லை. போகிற யோசனையும் இல்லை. யுனிவர்சிட்டியில் முதல் நாள் இலக்கிய வகுப்பில் எல்லாரும் தலையணை மாதிரி நாவல்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வர, என் முறை வந்ததும் நான் இந்த நான்கையும்தான் சொன்னேன். பின்வரிசை சிரித்தது. நீங்களும் சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு இடையில் சிரிக்கக் கூடாது.

எனக்கு அப்போது பத்து வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் கிழக்கே மோர்னிங்சைட்டில் ஒரு பழைய அப்பார்ட்மென்டின் பதினோராவது மாடியில் இருந்தோம். ஊரில் சண்டை நடக்க, நாங்கள் கனடாவுக்குத் தப்பி வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. இரண்டு படுக்கையறை. ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றதில் மாமா, அம்மாவின் தம்பி. அப்பா விடியுமுன்னே விட்பியில் ஒரு ஃபக்டரிக்குப் போய்விடுவார். மாமா பின்னேரங்களில் ஒரு ரெஸ்ரோரன்டுக்குக் கோப்பை கழுவப் போவார். புதன்கிழமை மட்டும் அவருக்கு லீவு.

ஒவ்வொரு மாடியிலும் குப்பை போடுகிற சின்ன அறை ஒன்று உண்டு. வீடு மாறிப் போகிறவர்கள் கொண்டுபோக மனமில்லாததையெல்லாம் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டின் பாதி அந்த அறையிலிருந்து வந்ததுதான். மேசை, மேசை விளக்கு, ஒரு கால் குட்டையான கதிரை, எல்லாம். ஒரு நாள் மாமா அங்கிருந்து ஒரு கடதாசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. இங்கிலீஸ் புத்தகம். புதுசு மாதிரிக் கிடக்கு."

"என்ன புத்தகம்?"

"ஃபுட்போல் புத்தகம்."

"ஃபுட்போலைப் படிச்சு என்ன செய்யிறது?"

"ஃபுட்போலை ஆர் படிக்கச் சொன்னது? இங்கிலீசைப் படிக்கட்டும்."

மாமா அட்டையில் பந்தை மட்டும்தான் கண்டிருந்தார். பந்து காலில் இல்லை, கையில் இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நான்தான் அவருக்கு விளக்கினேன். இது வேறு உதைபந்தாட்டம். ஒவ்வொரு பக்கமும் பதினைந்து பேர். பதினைந்து பேரும் பந்தைக் கையில் பிடிக்கலாம். மாமா ஊரில் கோல் கீப்பராக நின்று விளையாடியவர். "பதினைஞ்சு கீப்பரோ!" என்று வாயைப் பிளந்தார். "இப்பிடி ஒரு விளையாட்டு இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

அந்த நான்கும்தான் எங்கள் வீட்டில் இருந்த ஆங்கிலப் புத்தகங்கள். ஆகவே நான் இங்கிலீஸ் படித்தது அவற்றில்தான். மற்றப் பிள்ளைகள் பூனை, தொப்பி என்று தொடங்கினார்கள். நான் முழங்கை, பல், தடை, நடுவர் என்று தொடங்கினேன்.

புத்தகங்களுக்கு நானே பெயர் வைத்திருந்தேன். முதலாவது சின்னச் சட்டப் புத்தகம். ஹேர்லிங் மட்டையை எப்படிப் பிடிப்பது, பந்தை எப்படிக் காற்றில் அடிப்பது என்று கோட்டுப் படங்களோடு. ஹொக்கி மாதிரித்தான், ஆனால் பந்து நிலத்தில் கிடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆளின் தலைக்கு மேலேயும் பறக்கும். கோல் கம்பங்கள் உயரமாக மேலே நீண்டு நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே அடித்தால் மூன்று புள்ளி, மேலே அடித்தால் ஒன்று. இரண்டாவது புத்தகம் மூக்குடைந்தவர். ஒரு கிழட்டு ஹேர்லிங்காரர் தன் வாழ்க்கையைச் சொன்னது. மூன்று முறை மூக்குடைந்தும் தலைக்கவசம் போடாத மனுசன். அட்டையிலேயே இரத்தம் வழிய நின்று சிரித்தார். மூன்றாவது தோற்றவர்கள். கேலிக் உதைபந்தாட்டத்தில் ஒரு மாவட்டம் இறுதியாட்டத்துக்கு வந்து வந்து தோற்ற கதை. அதில் ஒவ்வொரு அத்தியாயமும் நம்பிக்கையாகத் தொடங்கி மழையில் முடியும். நான்காவது பச்சை அட்டை போட்ட தடியன். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஏன் பிடித்தது என்றால், அதில் இருந்த ஒரு விஷயம். இந்த ஆட்டக்காரர்களுக்கு ஒருவரும் சம்பளம் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அரங்கம் முழுக்க எழும்பி நின்று கத்தும். திங்கட்கிழமை காலையில் அதே ஆள் பால் கறக்கப் போவான், தபால் கொடுக்கப் போவான். பிறந்த ஊருக்குத்தான் விளையாடலாம். ஊர் தோற்கிற ஊரென்றால் அவனும் சாகும்வரை தோற்கவேண்டியதுதான். இதை வாசித்துச் சொன்னபோது மாமா துள்ளி எழும்பினார்.

"எங்கட ஊர்க் கழகமும் உப்பிடித்தான். வெண்டாலும் பிளேன்ரீ, தோத்தாலும் பிளேன்ரீ."

"உங்கட ரீமில ஆர் ஆர் மாமா விளையாடினவை?"

"மறந்துபோச்சு."

"ஒருத்தற்ற பேர்கூட ஞாபகமில்லையோ?"

மாமா தேத்தண்ணி போட எழும்பிப் போனார். அம்மா குசினிக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னை முறைத்தார். "ஊர்க் கிரவுண்டில நடந்த கதையை மாமாவிட்டக் கேக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" நான் கேட்டது ரீமைப் பற்றி, கிரவுண்டைப் பற்றியே அல்ல. பெரியவர்கள் கேள்வியை ஒழுங்காகக் கேட்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டேன்.

சனி, ஞாயிறு காலைகளில் எங்களுக்கு வகுப்பு. நான் ஒரு வரி வாசிப்பேன், மாமா திருப்பிச் சொல்லுவார். பிழையாகச் சொன்னால் நான் விடமாட்டேன். அவர் ஒவ்வொரு சொல்லையும் முதலில் சத்தமில்லாமல் உதட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். பாவம், அப்படியும் பாதி பிழையாகும். வகுப்பு முடிந்தால் விளையாட்டு. அம்மாவின் மரத் தட்டகப்பைதான் ஹேர்லிங் மட்டை. அதன் அகன்ற நுனியில் பந்துக்குப் பதில் ஒரு தேசிக்காயை வைத்து, விழவிடாமல் லிப்டிலிருந்து கடைசிக் கதவுவரை கொரிடோரில் ஓடவேண்டும். மாமா கைகளை விரித்துக்கொண்டு கீப்பராக நிற்பார். ஒரு முறைகூட எனக்காக விட்டுக்கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

மாமா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். பெட்டி வந்த வாரமே அவர் நான்கு புத்தகங்களின் படங்களையும் புரட்டிப் பார்த்தார். பச்சைத் தடியனின் நடுவில் ஒரு படத்தில் நின்றார். பிறகு மேசை லாச்சியிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்து வந்து, அந்தப் படத்திலிருந்து அத்தியாயம் முடிகிறவரை பக்கங்களைச் சேர்த்து, ஓரத்தில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று பின் அடித்தார்.

"உதை வாசிக்காதை."

"ஏன்?"

"உது நல்லாயில்லை."

"நீங்கள் வாசிக்கவேயில்லை. எப்பிடித் தெரியும் நல்லாயில்லையெண்டு?"

"படம் தெரியுதுதானே, மருமோள்."

நான் அந்தப் பக்கங்களைக் குழாய் மாதிரி வளைத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்திருக்கிறேன். அரை வரி, கால் வரி தெரியும். ஒரு மைதானத்தின் மூலை தெரியும். அதற்குமேல் இல்லை. பின்னைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. மாமா என்னிடம் வேறெதையும் எப்போதும் மறுத்ததில்லை என்பதால் இருக்கலாம்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். தினமும் காலை பத்து மணிக்கு எங்கள் வகுப்பில் ஐந்து பேரின் பெயர்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் ஐந்து பேரும் எழும்பி, எல்லாரும் பார்க்க, பேஸ்மென்டில் பொயிலருக்குப் பக்கத்து அறைக்குப் போகவேண்டும். இ.எஸ்.எல்., இங்கிலீஸ் தெரியாத பிள்ளைகளுக்கான தனி வகுப்பு. அங்கே எங்களுக்கு அப்பிள் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். மேலே விஞ்ஞானப் பரிசோதனை எல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் நடக்கும். நாங்கள் திரும்பி வரும்போது மேசைகள் ஈரமாக இருக்கும், ஏதோ வெடித்த மணம் இருக்கும், எல்லாரும் சிரித்து முடித்திருப்பார்கள். என்ன நடந்தது என்று கேட்டால், "நீ இருந்திருக்க வேண்டும்" என்பார்கள். எனக்கு அப்பிளைப் பற்றித் தெரியும். மேலே என்ன வெடித்தது என்றுதான் தெரியவேண்டும்.

ஒக்டோபர் மாதம் ரீச்சர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். வகுப்பு முழுவதற்கும் முன்னால் "எனக்குப் பிடித்த புத்தகம்" என்று பத்து நிமிடம் பேசவேண்டும். நன்றாகப் பேசினால் கீழே போகத் தேவையில்லை. பேசாவிட்டால் அடுத்த தவணை முழுக்க அப்பிள்தான். நான் உடனே பச்சைத் தடியனின் பெயரைச் சொன்னேன். ரீச்சருக்கு அப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது என்பதே தெரியவில்லை. நல்ல மனுசி, சிரிக்கவில்லை. ஆனால் வகுப்பு அலுமாரியைக் காட்டி, எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதையை எடுத்தால் எனக்கும் சுலபம், கேட்கிறவர்களுக்கும் சுலபம் என்றார். ஹொக்கி பற்றிக்கூட ஒரு புத்தகம் இருக்கிறதாம்.

"வேண்டாம்" என்றேன்.

"யோசித்துப் பார்."

"யோசித்துவிட்டேன். எனக்குப் பிடித்த புத்தகம் என்றுதானே தலைப்பு? அவர்களுக்குப் பிடித்த புத்தகம் என்றில்லையே."

ரீச்சர் என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். புதன்கிழமை என்று குறித்துக்கொண்டார்.

வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பெடியன் இருந்தான். எங்களுக்கு மூன்று வருடம் முந்தி வந்தவன். எந்த நாளும் எங்கள் நகரத்து ஹொக்கி அணியின் நீலச் சுவெற்றர்தான். தமிழ் தெரியாத மாதிரியே திரிவான். யாரையாவது நக்கலடிக்க வேண்டுமென்றால் மட்டும் திடீரென்று தமிழ் வந்துவிடும். "ஏய், உதென்ன கேம்? ரீவியில போடாத கேமோ? நீயே இருந்து கண்டுபிடிச்சனியோ?" என்றான். "உங்கட ஹொக்கி ரீம் கடைசியா எப்ப வெண்டது?" என்று கேட்டேன். அந்த அணி கோப்பை வென்று முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது. அவன் சுவெற்றரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

இங்கேதான் நான் எனக்கே ஒரு குழி தோண்டினேன்.

அந்த வாரம் நவராத்திரியின் கடைசி மூன்று நாள். எங்கள் வீட்டில் சாமியறை என்பது வாசலடியில் கோட்டு மாட்டுகிற குளோசற்தான். கோட்டுகளை எல்லாம் மாமாவின் அறைக்கு அனுப்பிவிட்டு, மேல்தட்டில் சரஸ்வதி படம், நடுத்தட்டில் கும்பம், கீழ்த்தட்டில் புத்தகங்கள். கற்பூரம் கொளுத்துமுன் அம்மா கதிரையில் ஏறிப் புகை அலாரத்துக்குக் கடைப் பை ஒன்றைக் கட்டிவிடுவார். திங்கட்கிழமை பின்னேரம் அம்மா என் கணக்குக் கொப்பி, அப்பாவின் ட்ரைவிங் புத்தகம், ஒரு தேவாரப் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கினார். நான் நான்கு புத்தகங்களையும் கொண்டுபோய் நீட்டினேன்.

"உதென்ன?"

"என்ர புத்தகம்."

"மூக்கால ரத்தம் வழியிறவனைக் கொண்டுபோய் சரஸ்வதிக்கு முன்னால வைக்கிறதோ? கொண்டு போ அங்கால."

"நான் இங்கிலீஸ் படிச்சது உவரிட்டத்தான். கணக்குக் கொப்பியில நான் ஒண்டும் படிக்கேல்லை. அதை வேணுமெண்டா எடுங்கோ."

"வாயைப் பார், வாயை."

"படிக்கிற புத்தகம் எண்டுதானே சொன்னனீங்கள்? நான் படிக்கிறது உதுதான். வைக்காட்டி நானும் கும்பிட மாட்டன்."

அரை மணித்தியாலம் இழுபட்டது. கடைசியில் அம்மாவே களைத்துப்போய், மூக்குடைந்தவரைக் குப்புறக் கவிழ்த்து, நான்கையும் அடியில் அடுக்கி, பச்சைத் தடியனின் அட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் வென்றேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கொரிடோரில் ஒரு ஓட்டம் ஓடினேன்.

வெற்றி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் பேச்சைப் பழகிப் பார்க்கலாம் என்று குளோசற்றுக்குக் கையை நீட்டினேன். அம்மா தடுத்தார். பூசையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். அதுவரை தொடவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. விஜயதசமி வியாழக்கிழமை. என் பேச்சு புதன்கிழமை. புத்தகமில்லாமல் போனால் நான் சொல்வதை யார் நம்பப்போகிறார்கள்? நானே இருந்து கண்டுபிடித்த விளையாட்டு என்றுதானே நீலச் சுவெற்றர் சொல்லித்திரிந்தது?

"அம்மா, ஒரு மணித்தியாலம் மட்டும்."

"கலைமகளோட விளையாடாதை. வைக்கச் சொல்லிச் சண்டை பிடிச்சது ஆர்?"

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் தோற்ற மிகச் சில வாதங்களில் அது ஒன்று.

புதன்கிழமை காலை. அம்மா குளித்துக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குளோசற்றைப் பார்த்தபடியே நின்றேன். எடுத்தால் படிப்பு வராது. எடுக்காவிட்டால் பேஸ்மென்ட். இரண்டுமே ஒன்றுதான் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது மாமா வந்தார். குனிந்து, மேலே இருந்தவற்றைச் சரியவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து பச்சைத் தடியனை உருவி எடுத்தார். கீப்பரின் கை. ஒரு கொப்பிகூட அசையவில்லை.

"தொட்டது நான். நீயில்லை" என்றார். "எனக்கு இனிப் படிப்பு வந்தாலென்ன, வராட்டியென்ன. பின்னேரம் கொண்டுவந்து தா, வைச்சுவிடுறன்."

என் பையின் சிப்பை இழுத்து மூடும்போது சொன்னார்: "பின் அடிச்சதை விட்டிட்டு வாசி, என்ன?"

"ஓம் மாமா."

அந்த ஓமை நான் மனதாரத்தான் சொன்னேன்.

பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. கரும்பலகையில் கோல் கம்பங்களை வரைந்தேன். பையிலிருந்து தட்டகப்பையையும் தேசிக்காயையும் எடுத்து, மேசைகளுக்கு நடுவால் விழாமல் ஓடிக் காட்டினேன். திங்கட்கிழமை பால் கறக்கப் போகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். பாதிப் பேர் கேட்டார்கள். மற்றப் பாதி அட்டையில் இருந்த சந்தனத்தைப் பார்த்து, புத்தகத்தில் யார் கடுகு சோஸ் பூசியது என்று குசுகுசுத்தார்கள். பிறகு புத்தகத்தை விரித்துப் படங்களைக் காட்டியபோது நீலச் சுவெற்றர் கண்டுவிட்டான்.

"உதில ஏன் பின் அடிச்சிருக்கு? ஊத்தைப் படமோ?"

ரீச்சருக்கு விளங்காதே என்று தமிழில் கேட்டவன், மற்றவர்களுக்கு விளங்கவேண்டுமே என்று அதையே இங்கிலீசிலும் சொன்னான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ரீச்சர் அந்தப் பக்கங்களை விட்டுவிட்டு மேலே போ என்றார்.

விட்டுவிட்டிருக்கலாம். மாமாவும் அதையேதான் சொன்னார். ஆனால் ஒன்றரை வருடமாகத் தினமும் பத்து மணிக்கு எழும்பிப் போனவளின் முதுகைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு அது. ரீச்சரின் மேசையில் பின் கழற்றுகிற சாமான் ஒன்று கிடந்தது. சின்னப் பாம்பின் வாய் மாதிரி இருக்கும். அதை எடுத்தேன். மேலே, நடுவே, கீழே. மூன்று பின்னும் ரீச்சரின் மேசையில் விழுந்தன. மாமா சொன்ன ஒரே ஒரு சொல்லை மீற எனக்குப் பத்து விநாடி எடுத்தது.

அந்த அத்தியாயத்தை நான் அப்போதுதான் முதல் தடவையாக வாசித்தேன், முப்பது பேருக்கு முன்னால், சத்தமாக. அயர்லாந்து இன்னொரு நாட்டின் ஆட்சியில் இருந்த காலம், ஒரு பின்னேரம். உதைபந்தாட்டம். மைதானம் நிறைந்த சனம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். வாசலால் சீருடைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். சுட்டார்கள். சனம் மதிலேறிக் குதித்தது. பார்க்க வந்தவர்கள் செத்தார்கள், அதில் என் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆட்டக்காரன் ஒருவன் புல்லில் விழுந்து கிடந்தான். அடுத்த பக்கத்தில் பெயர்கள். பெயர், வயது, என்ன வேலை செய்தார். அதையும் வாசித்தேன். ஐரிஷ் பெயர்கள் நாக்கைச் சுளுக்க வைக்கும். எனக்குச் சுளுக்கவில்லை, ஒரு வருடப் பழக்கம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இதற்குத்தான் இத்தனை நாள் பின் அடித்து வைத்திருந்தாரா மாமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. புத்தகத்திலேயே நல்ல இடம் இதுதானே! என் உச்சரிப்பில்தான் எல்லாரும் மயங்கிப் போயிருக்கிறார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "திங்கட்கிழமையிலிருந்து நீ கீழே போகத் தேவையில்லை" என்றார்.

கோட்டு மாட்டுகிற இடத்தில் நீலச் சுவெற்றர் பக்கத்தில் வந்து நின்றான்.

"உது உண்மையா நடந்ததோ?"

"ஓம்."

"அப்ப ஸ்கோர் என்ன?"

"ஆட்டம் முடியேல்லை."

"முடியேல்லையெண்டா ஆர் வெண்டது?"

"ஒருத்தரும் இல்லை."

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு என்னோடு அவன் தமிழ் பேசுவதற்கு நக்கல் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா கதவடியிலேயே நின்றார். குளோசற்றில் சந்தனப் பொட்டு வைத்த பச்சைப் புத்தகத்தைக் காணவில்லை.

"பூசையில வைச்ச புத்தகத்தை எடுத்தனியோ?"

"அக்கா, அதை நான்தான்..." என்று மாமா தொடங்கினார்.

"நான்தான் எடுத்தனான்" என்றேன். காட்டிக்கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. "எடுத்துக்கொண்டுபோய் வாசிச்சனான். பின் அடிச்சதையும் கழட்டி வாசிச்சனான். கிளாசுக்கு முன்னால, சத்தமா. ஒருத்தரும் மூச்சு விடேல்லை. இனி நான் பேஸ்மென்டுக்குப் போகத் தேவையில்லை. சாமி கண்ணைக் குத்துறதெண்டா இப்பவே குத்தட்டும்."

அம்மாவின் கை அடிக்கத்தான் உயர்ந்தது. பாதியில் நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா என் கையிலிருந்த புத்தகத்தையும், அதன் ஓரத்தில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். மாமா ஏசவில்லை.

"அந்த ஆக்களின்ர பேர் போட்டிருக்கோ?" என்று கேட்டார்.

"எந்த ஆக்கள்?"

"கிரவுண்டில... அந்த ஆக்கள்."

"ஓம். பேர், வயசு, என்ன வேலை, எல்லாம் போட்டிருக்கு."

"எல்லாற்றயுமோ?"

"எல்லாற்றயும்தான். ஏன், நான் வாசிச்சது பிழையெண்டு நினைக்கிறீங்களோ?"

"இல்லை பிள்ளை. பிழையில்லை."

அம்மா போய் அடுப்பை நூர்த்தார். கறி பாதியில் கிடந்தது. பிறகு வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, ஈரத்துணியால் அட்டையைத் துடைத்து, புதுச் சந்தனம் வைத்து, குளோசற்றில் மற்றப் புத்தகங்களுக்கெல்லாம் மேலே வைத்தார். தீட்டு, குற்றம் என்று ஒரு வார்த்தை இல்லை. நான்தான் பேசி வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஒரே நாளில் இரண்டு வெற்றி.

வியாழக்கிழமை, விஜயதசமி. எங்கள் வீட்டு வழக்கம், பூசை முடிந்ததும் பிள்ளைகள் ஒரு புத்தகத்தை எடுத்து முதல் வாசிப்பு வாசிக்க வேண்டும். நல்லதாக ஏதாவது, மங்களமாக. அப்பாகூட அன்று வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லியிருந்தார். அம்மா தேவாரப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். மாமா கையைக் குறுக்கே நீட்டி, பச்சைத் தடியனை எடுத்தார்.

"உதிலயே வாசிக்கட்டும்."

"எதை?" என்று அப்பா கேட்டார்.

"அந்தப் பேருகளை."

"நல்ல நாளும் அதுவுமா..." என்று அப்பா இழுத்தார்.

"நல்ல நாள் எண்டபடியாத்தான் அத்தான்."

மாமா அப்பாவிடம் எதிர்த்துப் பேசியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். அம்மா கதிரையில் ஏறி, அவிழ்ந்து தொங்கிய கடைப் பையைப் புகை அலாரத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டுக் கட்டினார். இறங்கி வந்து இன்னொரு கட்டிக் கற்பூரம் வைத்தார். "வாசி பிள்ளை" என்றார்.

குளோசற்றுக்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்துகொண்டு வாசித்தேன். என்னை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்கிறார்கள் என்றால் என் இங்கிலீஸ் எவ்வளவு பிரமாதமாக இருக்கவேண்டும்! நிமிர்ந்து இருந்து, குரலை உயர்த்தி, ஒவ்வொரு பெயரையும் அடித்து அடித்து வாசித்தேன். மாமா எனக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். எங்கள் வழக்கமான வகுப்பு மாதிரியே அவரது உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஓரக்கண்ணால் கவனித்தேன். நான் வாசிக்கிற பெயருக்கும் அவர் உதட்டுக்கும் கொஞ்சமும் பொருந்தவில்லை. நான் நீளமான பெயரைச் சொன்னால் அவர் உதடு சின்னப் பெயராக மூடியது. நான் ஒன்றை முடித்து மூச்சு எடுக்கும்போது அவர் அடுத்ததில் இருந்தார். பக்கம் முடிந்து நான் நிறுத்திய பிறகும் அவர் உதடுகள் நிற்கவில்லை.

மாமாவுக்கு இன்னும் இங்கிலீஸ் சரிவரவில்லை என்று எனக்குக் கவலையாகப் போய்விட்டது. அவருக்காக, இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு பெயருக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு, முதலிலிருந்து திரும்பவும் வாசித்தேன்.